கோபுரத்தில் ஒட்டுவதா, காலடியில் பரப்புவதா?

(கூடுவாஞ்சேரியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஞாயிறு மாலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

சென்ற வாரம் வேலை முடிந்து நம் தோழர்கள் சிலர் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது ஒரு நீண்ட லாரி ஊர்ந்து வந்தது. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். நடுவில் தென்னை மரம் இரண்டு மூன்றைச் சேர்த்துப் படுக்க வைத்ததுபோல ஒரு வெள்ளைப் பொருள். காற்றாலையின் இறக்கை அது. சாலையில் போக்குவரத்து அரை மணி நேரம் நின்றுவிட்டது. எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அப்போது ஒரு இளம் தோழர் கேட்டார்:

"அண்ணே, இந்த இறக்கையைத் தாங்குகிற கோபுரம் நூறு மீட்டர் உயரம் என்கிறார்கள். அது நாள் பூராவும் வெயிலில் சும்மாதானே நிற்கிறது? அதன் உடம்பு முழுக்க சோலார் தகட்டை ஒட்டிவிட்டால் காற்றடித்தாலும் கரண்ட், வெயிலடித்தாலும் கரண்ட் வருமே! ஏன் இதைச் செய்யவில்லை?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. பெரிய பெரிய எஞ்சினீயர்கள் கேட்ட கேள்வி. கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்த கேள்வி. ஒரு தொழிலாளியின் மகன் டீக்கடையில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறான் என்றால் நாம் பெருமைப்பட வேண்டும். அதோடு, அதற்குச் சரியான விடையும் சொல்ல வேண்டும். இன்றைய வகுப்பை அதற்காகவே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது எஞ்சினீயர்களின் விஷயம், நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த இறக்கையைச் செய்கிறவன் தொழிலாளி. கோபுரத்தின் மேலேறி போல்ட் முடுக்குகிறவன் தொழிலாளி. கோபுரம் நிற்கிற மண்ணில் நேற்றுவரை களை எடுத்தவள் விவசாயத் தொழிலாளி. அங்கே பிறக்கும் மின்சாரம் ஓட்டுவது நூற்பாலையின் கதிர்களை. ஆகவே இது முதலிலிருந்து கடைசிவரை நம் விஷயம்தான்.

இரண்டு வித்தைகள் வந்த வழி

காற்றைக்கொண்டு மின்சாரம் எடுப்பது இன்று நேற்று வந்ததல்ல. 1931ல் சோவியத் நாட்டில், கிரிமியாவின் பாலக்லாவா அருகே 100 கிலோவாட் சக்தியுள்ள காற்றாலை ஒன்றை நிறுவி, அதை மின்சாரக் கம்பித் தொடரோடு இணைத்தார்கள். 1957ல் டென்மார்க்கில் கெட்ஸர் என்னும் இடத்தில் யோஹனஸ் யூல் என்ற எஞ்சினீயர் 200 கிலோவாட் காற்றாலை கட்டினார். மூன்று இறக்கைகள் கொண்ட அந்த அமைப்புத்தான் இன்று நாம் பார்க்கும் காற்றாலைகளுக்கு மூத்த அண்ணன்.

சூரிய வெளிச்சத்தை நேராக மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் தகட்டை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1954ல் செய்து காட்டினார்கள். நான்கே வருஷத்தில், 1958ல், அமெரிக்காவின் வான்கார்டும் சோவியத்தின் மூன்றாவது ஸ்புட்னிக்கும் அந்தத் தகடுகளைச் சுமந்து வானத்தைச் சுற்றின.

நம் நாட்டில் சர்க்கார் செலவில் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986ல் வந்தன. அவற்றுள் ஒன்று நம் தூத்துக்குடியில். அன்று வைத்த காற்றாலை ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று நிறுவுகிற ஒரு காற்றாலை 2,000 கிலோவாட், 3,000 கிலோவாட் என்று வளர்ந்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் தென்மேற்குக் காற்று மலையிடுக்கில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதன் காரணம் அதுதான். 2025ஆம் வருஷக் கணக்கில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சோலார் திறனும் தனியே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட்.

இந்த வித்தையைப் பரிசோதிக்கும் மத்திய சர்க்காரின் நிலையமும் வெகு தூரத்தில் இல்லை. இங்கிருந்து தாம்பரம் போய் வேளச்சேரிச் சாலையில் திரும்பினால் பள்ளிக்கரணையில் இருக்கிறது: தேசியக் காற்றுச் சக்தி நிலையம். 1998ல் வேறு பெயரில் ஆரம்பித்தார்கள். கயத்தாற்றில் அதற்குச் சோதனைக் களம் உண்டு. காற்றின் வேகத்தை அளக்க அவர்கள் நடும் கம்பங்களைப் பார்த்தால் நம் இளம் தோழருக்குச் சந்தோஷமாக இருக்கும். கம்பத்தில் சின்னதாக ஒரு சோலார் தகடு இருக்கும். அளவைக் குறித்துவைக்கும் கருவிக்கு அந்தத் தகடுதான் மின்சாரம் தருகிறது. காற்றை அளக்கும் கருவிக்கு வெயில் சோறு போடுகிறது!

ஆக, கம்பத்தில் தகடு வைப்பது நடக்காத காரியமல்ல. எவ்வளவு, எதற்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்பெயினில் செய்து பார்த்தார்கள்

ஸ்பெயின் நாட்டில் அல்பசேத்தே மாகாணத்தில் பிரேஞா என்று ஒரு காற்றாலைப் பண்ணை. அதை நடத்தும் ஆக்ஸியோனா என்ற கம்பெனி, 2020ல் ஒரு காற்றாலையின் கோபுரத்தில் 120 சோலார் தகடுகளை ஒட்டியது. நம் ஊர் வீட்டு மாடிகளில் பார்க்கும் கண்ணாடித் தகடுகள் அல்ல அவை. காலண்டர் அட்டைபோல வளையக்கூடிய மெல்லிய தகடுகள். வெயில் விழும் பக்கமாகப் பார்த்துக் கோபுரத்தின் உடம்பில் ஒட்டினார்கள்.

இத்தனையும் சேர்ந்து எவ்வளவு சக்தி? 9.36 கிலோவாட்.

தோழர்களே, இந்த எண்ணைக் கவனியுங்கள். இன்றைய காற்றாலை ஒன்று 2,000 கிலோவாட். நல்ல காற்றில் அது ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 2,000 யூனிட். அந்த 120 தகடுகளையும் கழற்றி நம் ஊர்த் தரையில் நன்றாக வெயில் படும்படி பரப்பினாலும், ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் நாலு யூனிட் என்ற கணக்கில், அந்த 2,000 யூனிட்டைத் தர ஐம்பது நாளுக்கு மேல் ஆகும். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

அப்படியானால் அந்தக் கம்பெனி எதற்காக அதைச் செய்தது? அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. காற்றாலை மின்சாரம் கொடுக்கும் யந்திரம் மட்டுமல்ல. மின்சாரம் தின்னும் யந்திரமும்கூட. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்குத் தலையைத் திருப்ப மோட்டார் வேண்டும். எண்ணெய் பம்புக்கு மின்சாரம் வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் விளக்குக்கும் வேண்டும். காற்று வீசும்போது தான் தயாரிப்பதிலிருந்தே இதை எடுத்துக்கொள்கிறது. காற்று நின்றுவிட்டால்? கம்பித் தொடரிலிருந்து வாங்கித்தான் தின்ன வேண்டும். அந்தச் சில்லறைச் செலவை வெயிலிலிருந்து எடுக்க முடியுமா, வளையும் தகடு காற்றிலும் மழையிலும் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கவே அந்தச் சோதனை. காவல்காரனுக்கு ஒரு வேளைச் சோறு அங்கேயே கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். ஊருக்கே விருந்து வைக்கப் புறப்படவில்லை.

ஸ்பெயின் வெயில் வேறு, நம் வெயில் வேறு

அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்யலாமா? செய்தால் அந்தச் சோளப்பொரியும் முழுதாகக் கிடைக்காது. ஏன் என்று அறிய எந்தப் புத்தகமும் வேண்டாம். முற்றத்தில் ஒரு கழியை நட்டால் போதும்.

கூடுவாஞ்சேரியில் ஏப்ரல் 24 வாக்கில் நடுப்பகலில் அந்தக் கழியின் நிழலைத் தேடிப் பாருங்கள். இருக்காது, சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மறுபடி ஆகஸ்டு 18 வாக்கில் அப்படி ஒரு நாள் வரும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. கழியின் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். அதாவது, ஏறத்தாழ நான்கு மாத காலம் தெற்குப் பார்த்த செங்குத்துச் சுவரில் காலை முதல் மாலை வரை நேர் வெயிலே படாது. முப்பந்தல் இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே இந்தக் காலம் ஏப்ரல் 11 வாக்கில் தொடங்கி செப்டம்பர் 1 வரை நீள்கிறது.

ஸ்பெயினில் அப்படியில்லை. அந்த நாடு வடக்கே தள்ளி இருக்கிறது. வருஷம் முழுவதும் நடுப்பகல் சூரியன் தெற்குப் பக்கமே நிற்கும். குளிர்காலத்தில் தாழ்ந்து, சாய்ந்து நிற்கும். சாய்ந்த வெயில் சுவரில் அடிக்கும். நம் வெயில் மண்டையில் அடிக்கிறது! வயலில் நாற்று நடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடுப்பகலில் முதுகு காய்கிறது, நெஞ்சு காய்வதில்லை. படுத்துக் கிடக்கும் தகடு நம் முதுகு மாதிரி. நிற்கும் கோபுரத்தில் ஒட்டிய தகடு நம் நெஞ்சு மாதிரி. தரையில் லேசாகச் சாய்த்துப் பரப்பிய தகடு வருஷத்தில் வாங்கும் வெளிச்சத்தில், தெற்குப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் தகடு பாதியைக்கூட வாங்காது.

"சுற்றிலும் ஒட்டிவிட்டால்?" என்று கேட்கலாம். சுற்றிலும் ஒட்டினால் எந்த நேரமும் பாதித் தகடு நிழலில் இருக்கும். நடுப்பகலில் வெயில் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மற்ற இடைஞ்சல்கள்

முதலாவது, நிழல். இறக்கைகள் நிமிஷத்துக்குப் பதினைந்து சுற்றுச் சுற்றினால், மூன்று இறக்கைகளின் நிழலும் சேர்ந்து நிமிஷத்தில் நாற்பத்தைந்து முறை கோபுரத்தைத் துடைத்துக்கொண்டு போகக்கூடும். தகடுகளைச் சங்கிலிபோல ஒன்றன் பின் ஒன்றாக இணைக்கிறார்கள். கட்டிட வேலையில் சாந்துச் சட்டியைக் கைமாற்றும் வரிசையைப் பார்த்திருக்கிறோம். வரிசையில் ஒருவர் கை தளர்ந்தால் எல்லோருடைய வேகமும் குறையும். தகடுகளிலும் அப்படித்தான். ஒன்றில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். நிழல் விழுந்த தகட்டைச் சுற்றிப் போகக் குறுக்குவழி வைக்கிறார்கள். ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

இரண்டாவது, கோபுரத்தின் உடம்பு. இரும்புக் கோபுரம் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. இருபது வருஷம் ஆடிக்கொண்டே தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த குழாய் அது. அதில் தகடு மாட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் இரும்பு களைத்து வெடிப்பு விடும். பட்டறைத் தோழர்களுக்கு இது தெரியும். சும்மா வைத்த இரும்பைவிட ஆடும் இரும்பில் துளை பெரிய ஆபத்து. கண்ணாடித் தகடுகளைச் சட்டம் கட்டி மாட்டினால் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். கோபுரத்துக்குக் கணக்கில் இல்லாத பாரம் சேரும். ஆகவேதான் ஸ்பெயினில் மெல்லிய தகடுகளை எடுத்தார்கள்.

மூன்றாவது, தூசி. நம் ஊரில் தகட்டில் தூசி படியும், பறவை எச்சம் விழும். தரையில் இருந்தால் தண்ணீரும் துடைப்பமும் போதும். எண்பது மீட்டர் உயரத்தில் இருந்தால்? கயிற்றில் ஒரு மனிதன் தொங்க வேண்டும்.

அந்த மனிதன் யார்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும். கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளியா, காண்டிராக்டர் அன்றன்று கூட்டிவரும் கூலியா? பாதுகாப்பு பெல்ட் தருவார்களா, கயிற்றைப் பரிசோதிப்பார்களா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை சோலார் தகட்டை அணைக்க முடியாது. சூரியனுக்கு சுவிட்ச் இல்லை! இருபது தகடுகளைச் சேர்த்த ஒரு வரிசையில் 800 வோல்ட்டுக்கு மேலும் ஏறும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். இந்த வேலைக்குப் போகும் ஒவ்வொரு பையனுக்கும் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். மேலும், மின்னல் தேடிப் பிடிக்கும் உயரம் அது. மின்னல் இறங்கும் பாதையிலேயே தகட்டையும் கம்பியையும் வைத்தால் அதற்கும் தனிக் காப்பு வேண்டும்.

காலடியில் பரப்பினால்

இத்தனையும் சொன்ன பிறகு, காற்றையும் வெயிலையும் சேர்க்கும் எண்ணமே தவறு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எண்ணம் மிகச் சரி. ஒட்டுகிற இடம்தான் தவறு. நம் இளம் தோழரின் கேள்விக்கு விடை இதுதான்: கோபுரத்தின் உடம்பில் ஒட்டாதே, கோபுரத்தின் காலடியில் பரப்பு!

ஏன்? காற்றாலைக்கு அருகே ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சாலை இருக்கிறது. துணை மின் நிலையம் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. நகரம் வரை போகும் கம்பி இருக்கிறது. இவ்வளவும் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியவை. ஆனால் இவை வருஷம் பூராவும் வேலை செய்கின்றனவா? இல்லை. நம் மாகாணத்தில் காற்று மே மாதத்திலிருந்து செப்டம்பர், அக்டோபர் வரைதான் வெளுத்து வாங்கும். பிறகு அடங்கிவிடும். வருஷத்துக்குச் சராசரி போட்டால் காற்றாலை தன் முழுத் திறனில் சுமார் கால் பங்குதான் தருகிறது. மீதி நேரம் அந்தக் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் பாதி வேலையில்லாமல் நிற்கின்றன.

இனி வெயிலைப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் காற்று அடங்கிக் கிடக்கும்போது வெயில் சுட்டெரிக்கிறது. ஜூன், ஜூலையில் மேகம் மூடும்போது காற்று பாய்கிறது. வெயில் பகலில் மட்டும். காற்றோ சூரியன் சாய்ந்த பிறகும் வீசும். ஒரு யந்திரத்தை இரண்டு ஷிப்டில் இரண்டு தொழிலாளிகள் ஓட்டுவதுபோல, ஒரே கம்பியைக் காற்றும் வெயிலும் ஷிப்டு மாற்றி ஓட்டலாம்.

இதை நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் ராய்ச்சூர் ஜில்லாவில் 50 மெகாவாட் காற்றாலைப் பண்ணை ஒன்று இருந்தது. அதனோடு 28.8 மெகாவாட் சோலாரை 2018ல் சேர்த்தார்கள். அதே வருஷம் மே மாதத்தில் மத்திய சர்க்கார் காற்று – சூரியக் கூட்டு மின்சாரத்துக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒன்றின் திறன் மற்றொன்றின் திறனில் கால் பங்காவது இருந்தால்தான் கூட்டு என்று ஏற்போம் என்பது அதில் ஒரு விதி. அந்த விதியை ஸ்பெயின் கோபுரத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதை 2,000 கிலோவாட் காற்றாலை என்று வைத்துக்கொண்டால், கால் பங்கு 500 கிலோவாட். கோபுரத்தில் ஒட்டியது 9 கிலோவாட்! அது கூட்டு ஆகாது, பொட்டு வைத்ததுதான்.

காலடியில் பரப்புவதிலும் கவனம் வேண்டும். கோபுரத்தின் நிழல் காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நீண்டு விழும். அந்த நிழலை விட்டு விலகி வைக்க வேண்டும். காற்றாலையில் பழுது வந்தால் பெரிய கிரேன் வந்து நிற்க இடம் விட வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள். சமாளிக்க முடியாமல் போகும் விஷயம் ஒன்று உண்டு. அது நிலம்.

விவசாயத் தோழர்கள் கவனத்துக்கு

காற்றாலைக்கும் சோலாருக்கும் நிலத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருக்கிறது. காற்றாலை நிலத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறது. அடித்தளமும் சாலையும் போக, சுற்றிலும் சோளம் விதைக்கலாம், ஆடு மேய்க்கலாம். சோலாரோ பாய் விரித்துப் படுக்கிறது. ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் நாலைந்து ஏக்கர். 2016ல் ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் திறந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கரை மூடியிருக்கிறது.

நிலத்துக்காரருக்கு விலையோ குத்தகையோ கிடைக்கிறது. அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கு, கதிர் அறுத்தவருக்கு, புல் அறுத்து மாடு வளர்த்தவருக்கு என்ன கிடைக்கிறது? பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. ஆகவே நஷ்டஈட்டிலும் அவர் பெயர் இல்லை. வேலி போட்ட மறுநாள் அவர் வழிப்போக்கர் ஆகிவிடுகிறார். தரிசு என்று காகிதத்தில் எழுதிய நிலத்தில்தான் ஊர் ஆடுகள் வயிறு வளர்க்கின்றன என்பது நமக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

இங்கேதான் காற்றும் வெயிலும் சேர்வதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. காற்றாலைக்கென்று ஏற்கெனவே வாங்கி, சமன் செய்து, சும்மா கிடக்கும் நிலம் இருக்கிறது. முதலில் அதில் தகடுகளைப் பரப்பு. அதற்குப் பிறகு ஆலைக் கூரைகளில், கிடங்குக் கூரைகளில், சர்க்கார் கட்டிடங்களின் மாடிகளில் பரப்பு. மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் எத்தனை ஏக்கர் தகரக் கூரைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன! அதையெல்லாம் விட்டுவிட்டுப் பயிர் விளையும் நிலத்துக்கு வராதே என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. வந்தே தீர வேண்டும் என்றால் தகடுகளை உயர்த்திக் கட்டு, கீழே பயிர் செய்ய இடம் விடு. நிலமில்லாத தொழிலாளிக்கும் வேலைக்கு உறுதி கொடு என்று கேட்க வேண்டும்.

ஆலைத் தோழர்கள் கவனத்துக்கு

1932ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் கோவையில் நூற்பாலைகள் பெருகின. தண்ணீரின் சக்தி கதிர்களைச் சுழற்றிற்று. 1990களிலிருந்து கோவை, திருப்பூர் ஆலை முதலாளிகள் முப்பந்தலிலும் உடுமலைப் பக்கத்திலும் சொந்தமாகக் காற்றாலைகள் வாங்கினார்கள். அங்கே தயாராகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டுவிட்டு, இங்கே ஆலையின் பில்லில் அத்தனை யூனிட்டைக் கழித்துக்கொள்கிறார்கள். காற்றுக் காலத்தில் மிஞ்சியதை, குதிரில் நெல் போடுவதுபோல, வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்துக் காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது.

இது திறமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அன்று முதலாளிகளைக் காற்றாலைப் பக்கம் இழுத்தது காற்று மட்டுமல்ல. காற்றாலை வாங்கிய முதல் வருஷமே அதன் முழு விலையையும் தேய்மானம் என்று எழுதி வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற வரிச் சலுகையும் அன்று இருந்தது. அதனால் இறக்கை சுற்றினாலும் சரி, சுற்றாவிட்டாலும் சரி, வரி மிச்சம் என்ற நிலை ஏற்பட்டது. காற்று சரியாக இல்லாத இடங்களில்கூடக் காற்றாலைகள் முளைத்தன. பிற்பாடு அந்தச் சலுகையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். தயாரிக்கும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தரும் திட்டமும் 2009ல் வந்தது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? யந்திரம் எவ்வளவு பெரியது என்று கேட்காதே. எத்தனை யூனிட் கொடுத்தது என்று கேள். கோபுரத்தில் தகடு ஒட்டிப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவது சுலபம். வருஷக் கடைசியில் மீட்டர் என்ன சொல்கிறது என்பதுதான் உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலி உயர்வு கேட்கும்போதும் போனஸ் கேட்கும்போதும் "மின்சாரச் செலவு ஏறிவிட்டது" என்ற பல்லவியைக் கேட்காத ஆலைத் தொழிலாளி உண்டா? அடுத்த முறை பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ஒரு கேள்வியைக் கையில் எடுத்துப் போங்கள்: ஆலைக்குச் சொந்தக் காற்றாலை எத்தனை? கூரையில் சோலார் எத்தனை கிலோவாட்? சென்ற வருஷம் அவை எத்தனை யூனிட் தந்தன? பில்லில் எவ்வளவு கழிந்தது? செலவுக் கணக்கை நமக்குக் காட்டுகிறவர்கள் மிச்சக் கணக்கையும் காட்டட்டும்.

மூன்று கேள்விகள்

தோழர்களே! நம் பக்கத்திலேயே புதிய தொழில் வளர்ந்துகொண்டிருக்கிறது. திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் பிள்ளைப்பாக்கத்தில் சோலார் தகடு செய்யும் பெரிய அமெரிக்கக் கம்பெனியின் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறப்புவிழாக் கண்டது. தெற்கே கங்கைகொண்டானிலும் தகடு செய்கிறார்கள். பழைய சிறு காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவை வைப்பதற்கும், பழையதைப் புதுப்பிப்பதற்கும் தமிழ்நாடு சர்க்கார் 2024ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. நல்ல காற்று வீசும் இடங்களை முன்பே பிடித்துக்கொண்டிருப்பவை அந்தப் பழைய சிறு காற்றாலைகள்தான். அவை மாறும்போது நிலம் மாறும், வேலை மாறும், கம்பி மாறும். நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். வெறுங்கையோடு போகாமல், விஷயம் தெரிந்து போக வேண்டும்.

ஆகவே, காற்றாலையோ, சோலாரோ, இரண்டும் சேர்ந்ததோ, எந்தத் திட்டம் நம் முன் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று: வருஷத்துக்கு எத்தனை யூனிட்? விளம்பரத்தில் போடும் கிலோவாட் அல்ல, மீட்டர் காட்டும் யூனிட்.

இரண்டு: யாருடைய நிலம், யாருடைய பிழைப்பு? பத்திரத்தில் பெயர் உள்ளவரை மட்டுமல்ல, பெயர் இல்லாதவரையும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

மூன்று: மேலே ஏறுகிறவன் யார்? அவனுக்குப் பயிற்சி உண்டா, பெல்ட் உண்டா, நிரந்தர வேலை உண்டா, கீழே விழுந்தால் அவன் குடும்பத்துக்கு யார் பொறுப்பு?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் திட்டத்தை நாம் ஆதரிப்போம். சூரியனும் காற்றும் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. அவற்றிலிருந்து பிறக்கும் வெளிச்சம், அந்த இறக்கையைச் செய்தவன் வீட்டிலும், அந்தக் கோபுரத்தில் ஏறியவன் வீட்டிலும், அந்த மண்ணில் களை எடுத்தவள் வீட்டிலும் எரிய வேண்டும்.

டீக்கடையில் கேள்வி கேட்ட இளம் தோழர் இங்கே முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். நாளைக் காலையிலேயே முற்றத்தில் ஒரு கழியை நடட்டும். நடுப்பகல் நிழல் எந்தப் பக்கம், எத்தனை விரல் நீளம் விழுகிறது என்று மாதம் ஒரு தடவை அளந்து குறித்துவைக்கட்டும். அவருடைய நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதே இடத்தில் மறுபடி பேசுவோம்.